ஸ்கேனுக்காக அட்மிட் ஆகாதீங்க

முதுகு வலின்னு டாக்டர்கிட்ட போறீங்க. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்றார். கவுன்டர்ல 8,000 ரூபாய்னு சொன்னதும் கூட வந்த நண்பர் ஐடியா கொடுப்பார்: "ஒரு நாள் அட்மிட் ஆயிடு மச்சி, ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல கிளைம் பண்ணிக்கலாம்." சில இடங்கள்ல கவுன்டர்ல இருக்கிறவங்களே இதைச் சொல்றாங்க.

செய்யாதீங்க. நேர்மை பற்றி லெக்சர் எடுக்க வரல. வெறும் கணக்கா பார்த்தாலே அது நஷ்டம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) வகுத்திருக்கும் பொதுவான விலக்குகளில் 04-ம் எண்ணைப் பாருங்க. பரிசோதனைக்காக மட்டுமே அட்மிட் ஆனால் அந்தச் செலவு கிடைக்காது. பெரும்பாலான பாலிசிகளில் இது இருக்கும். கிளைமை பரிசீலிக்கிறவர் முதல்ல படிக்கிறது டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான். ரெண்டு ஸ்கேன், நாலு ரத்தப் பரிசோதனை, ஒரு வலி மாத்திரை, அவ்வளவுதான்னா ரிஜெக்ட். இப்போ உங்க தலையில இருக்கிறது 8,000 இல்ல. ரூம் வாடகை, நர்சிங், டாக்டர் விசிட் எல்லாம் சேர்ந்த பில்!

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெருசு. கிளைம் பாஸ் ஆகணும்னு இல்லாத நோயை சம்மரில எழுத வைக்கிறாங்க. அது மோசடி. அதோட, நாளைக்கு வேலை மாறி சொந்தமா பாலிசி எடுக்கும்போது அந்த ரெக்கார்ட் உங்களைத் துரத்தும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாசம் வரைக்கும் காத்திருப்பு போடலாம். 27 வயசுல, 8,000 ரூபாய்க்காக இது தேவையா?

நியாயமா கிடைக்கிறதை மட்டும் விட்டுடாதீங்க. ஸ்கேன்ல டிஸ்க் பிரச்சினைன்னு தெரிஞ்சு, 20 நாள்ல ஆபரேஷன் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. அட்மிட் ஆவதற்கு முந்தைய செலவையும் பாலிசி கொடுக்கும். ஆரோக்ய சஞ்சீவனி மாதிரி பாலிசிகள்ல அது 30 நாள். அதனால டாக்டர் சீட்டு, பில், ரிப்போர்ட் மூணையும் அன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

அடுத்து ரேட். எம்.ஆர்.ஐ. மெஷின் கோடிக்கணக்கில் விலை. ஆள் வந்தாலும் வராட்டியும் தேய்மானமும் பராமரிப்பும் ஓடிட்டே இருக்கும். இன்னொரு ஆளுக்கு ஸ்கேன் எடுக்க ஆகும் கூடுதல் செலவு அதோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. காலியா போன ஸ்லாட்தான் அவங்களுக்கு நஷ்டம். அதனாலதான் ஒரே ரோட்ல இருக்கிற ரெண்டு சென்டர்ல ரெண்டு ரேட் இருக்கு. (எங்க ஆடிட் பாஷையில இது ஃபிக்ஸட் காஸ்ட் விளையாட்டு.) போன் பண்ணிக் கேளுங்க. மெஷின் 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, கான்ட்ராஸ்ட் தனியா, ரிப்போர்ட் சேர்த்தான்னு கேட்டாத்தான் ஒப்பீடு சரியா வரும்.

டாக்டர் ஒரு சென்டர் பேர் சொன்னா, "வேற இடத்துல எடுக்கலாமா சார்?"னு தயங்காம கேளுங்க. நல்ல ரிப்போர்ட் வரும்னு சொல்ற டாக்டர்களும் உண்டு, அது நியாயமான காரணம். ஆனா, நோயாளியை அனுப்பினதுக்கு கமிஷன் வாங்கக்கூடாதுன்னு 2002 மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்லுது. தமிழ்நாட்டுல இருக்கிறவங்க அரசு ஆஸ்பத்திரியையும் லிஸ்ட்ல சேருங்க. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அங்கே சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களை நடத்துது, கட்டணம் தனியாரைவிட ரொம்பக் குறைவு. காத்திருக்கணும், உண்மைதான்.

இதெல்லாம் காத்திருக்கக்கூடிய ஸ்கேனுக்கு மட்டும். வாய் கோணுது, ஒரு பக்கம் கை விழுந்துடுச்சுன்னா ரேட் கேட்டுட்டு நிக்காதீங்க. முதல்ல ஆஸ்பத்திரி.

வரி? பெருசா எதிர்பார்க்காதீங்க. 80டி-ல முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை, அதுவும் 25,000 வரம்புக்குள்ளேயே, பழைய வரி முறையில மட்டும். புது முறையில இருந்தா சுத்தமா இல்ல.

அதனால எமர்ஜென்சி ஃபண்டுக்குள்ளேயே 15,000 ரூபாயை பரிசோதனைச் செலவுக்குன்னு ஒதுக்கி வைங்க. ஸ்கேன் எடுத்ததும் ரிப்போர்ட்டோட நிறுத்தாம, படங்களையும் சிடியாவோ லிங்காவோ கேட்டு வாங்குங்க. அடுத்த டாக்டர் படத்தைப் பார்க்கணும்னு சொன்னா, அதே ஸ்கேனுக்கு ரெண்டாவது தடவை பணம் கட்ட வேண்டியிருக்காது.