கையொப்பம் யாருடையது?

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், பெருமழையால் வட்டையும் வீதியும் ஒன்றாகிக் கிடந்த வேளையில், நிந்தவூர் மத்ரசாவொன்றிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய சிறுவரை ஏற்றிவந்த உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டது. சிலர் உயிருடன் மீட்கப்பட்டனர். சிலர் ஜனாஸாக்களாகவே மீட்கப்பட்டனர். காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே கிடக்கும் இச்சிற்றூரின் பெயரை அதுவரை அறியாதோரும் அன்று அறிந்தனர்.

அவ்வெள்ளத்தைப் பற்றி எழுதுவது இங்கு எமது நோக்கமன்று. உயிர் தப்பிய சிறுவரைத் தேடி நாளை ஒருவர் வினாக்கொத்துடன் வரக்கூடும். இரவில் உறக்கம் வருகிறதா, தண்ணீரைக் கண்டால் நடுக்கம் வருகிறதா, இறந்த தோழன் கனவில் வருகிறானா என்று அவர் கேட்பார். அவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. நல்ல மாணவராகவும் இருக்கலாம். ஆனால் அவரை அனுப்பிவைக்கும் அதிகாரம் ஒரு குழுவிடம் இருக்கிறது. மனிதரைப் பொருளாகக் கொள்ளும் ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலித்து, அனுமதிக்கவோ மறுக்கவோ பல்கலைக்கழகங்கள் அமைத்துள்ள ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவே அது. அதில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் விரிவுரையாளர்களும் பேராசிரியர்களுமே. எமது ஆசிரிய நண்பர்களாகிய அவர்களிடமே நாம் கேட்கிறோம்: நீங்கள் அங்கே யாருக்காக அமர்ந்திருக்கிறீர்கள்?

இது கற்பனைப் பயம் என்று எவரும் தள்ளிவிடவேண்டாம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டந்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் மண்மேடாய்க் கிடந்தபோது, உதவ வந்தோரோடு ஆராய வந்தோரும் கலந்து வந்தனர். உதவியும் ஆராய்ச்சியும் இவ்வாறு குழம்பிப்போனதைப் பற்றி அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன ஆகிய இலங்கை மருத்துவ அறிஞர் 2005இலேயே லான்செட் சஞ்சிகையில் எழுதினர். அனர்த்த கால ஆய்வுக்கு நெறி வகுக்க 2007இல் அறிஞர் கூடியும் ஆராய்ந்தனர். கூடாரத்தில் குந்தியிருந்த ஒரு கைம்பெண்ணின் நிலையிலிருந்து இதைப் பார்ப்போம். பெயர் எழுத வருபவர் வீடு தருபவரா, ஆராய்பவரா என்பதை அவள் எவ்வாறு அறிவாள்? 'விருப்பமில்லை' என்று சொன்னால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடுமோ என்ற அச்சத்தில் அவள் சொல்லும் 'ஓம்' எந்தச் சட்டத்தின்படி சம்மதமாகும்? (நுரைச்சோலையில் சவூதி நிதியிற் கட்டப்பட்ட ஐந்நூறு வீடுகள் பல்லாண்டுகள் ஆளின்றிக் கிடந்ததை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க எம்மால் முடியவில்லை. பெயர்கள் எழுதப்பட்டன, கதவுகள் திறக்கப்படவில்லை.)

இனி மாவடிப்பள்ளிச் சிறுவர் பற்றிய விண்ணப்பமொன்று குழுவின் மேசைக்கு வருகிறதென வைத்துக்கொள்வோம். குறித்த எந்தப் பல்கலைக்கழகத்தையும் நாம் சுட்டவில்லை, நோய் பொதுவானது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கும். 'ஆபத்து: மிகக் குறைவு' என்ற கட்டத்தில் அடையாளமிடப்பட்டிருக்கும். விண்ணப்பதாரியின் மேற்பார்வையாளர் குழுவினரின் நெருங்கிய சகபாடியாக இருப்பார். நாளை இவர்களது விண்ணப்பம் அவர் கைக்குப் போகவேண்டியதாயிருக்கும். அன்றைய நிரலில் பதினான்கு விண்ணப்பங்கள் இருக்கும். நான்கு மணிக்கு விரிவுரை இருக்கும். எழுத்துப் பிழைகள் திருத்தப்படும், மாதிரியின் தொகை போதுமா என்று விசாரிக்கப்படும், பின்னர் அனுமதி வழங்கப்படும். எம்மிற் சிலரும் இத்தகைய மேசைகளில் அமர்ந்து இவ்வாறே கையொப்பமிட்டவர்கள் என்பதை ஒளிப்பதற்கில்லை.

அந்த விண்ணப்பத்தில் 'சம்மதம் பெறப்படும்' என்று ஒரு வரி இருக்கும். அந்தச் செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்திருப்பது யார்? யாரிடமிருந்து பெறப்படும்? விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்காக அதிபர் கையொப்பமிட்டாற் போதும் என்று எழுதப்பட்டிருந்தால், எத்தனை உறுப்பினர் பேனாவைக் கீழே வைப்பர்?

2009இல் ஆந்திர மாநிலத்தின் கம்மம் மாவட்டத்தில் இதுவே நிகழ்ந்தது. பாத் என்ற அமெரிக்க நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கெதிரான தடுப்பூசியைப் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமியருக்கு ஏற்றி ஆராய்ந்தது. அவர்களுட் பலர் பழங்குடிப் பிள்ளைகள், அரசாங்க விடுதிகளில் வாழ்ந்தவர்கள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் படிவங்களில் ஒப்பமிட்டனர். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது; 2013இல் இந்தியப் பாராளுமன்றத்தின் நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆய்வின்போது நேர்ந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமென விசாரணையிற் காணப்படவில்லை. தடுப்பூசியையும் நாம் பழிக்கவில்லை. 2017 முதல் இலங்கைப் பாடசாலை மாணவியருக்கு அது வழங்கப்பட்டே வருகிறது. ஊசி நல்லதாயிருந்தபோதும் சம்மதம் பொய்யாயிருந்தது என்பதே எமது வழக்கு. அந்த ஆய்வும் ஒழுக்கநெறிக் குழுக்களைத் தாண்டித்தான் சென்றது.

குழு இருப்பதே காப்பு என்று நம்புவோர் டஸ்கீகியை நினைவிற் கொள்வாராக. அமெரிக்காவின் அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற ஏறத்தாழ நானூறு ஏழைக் கறுப்பின ஆடவருக்கு உரிய சிகிச்சை மறுக்கப்பட்டது. நோய் அவர்களை எவ்வாறு தின்கிறது என்பது மட்டும் குறித்துக்கொள்ளப்பட்டது. பீற்றர் பக்ஸ்டன் என்ற ஊழியர் இதை எதிர்த்து முறையிட்டதன் பின் 1969இல் அறிஞர் குழுவொன்று கூடியது. ஆய்வைத் தொடரலாம் என்று அக்குழுவே தீர்மானித்தது! செய்தி பத்திரிகைக்குப் போனபின்னரே ஆய்வு நின்றது. படித்தவர் பலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருமித்துத் தவறு செய்யமுடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சமூக விஞ்ஞானிகள் குறுக்கிடுவர்: நாம் ஊசி ஏற்றவில்லை, இரத்தம் எடுக்கவில்லை, கேள்விதானே கேட்கிறோம் என்பர். வெள்ளத்தில் தோழனின் கையை நழுவவிட்ட சிறுவனிடம் 'அப்போது நீ என்ன செய்தாய்?' என்று கேட்பது ஊசியிலும் கொடிதாய் இறங்கும். கேட்டவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார். அன்றிரவு அவனருகில் இருக்கப்போவது உம்மா மட்டுமே. பட்டத்திற்குக் காலக்கெடு இருக்கிறது, குழு தாமதிக்கிறது என்ற முறைப்பாட்டில் நியாயமுண்டு. கூட்டங்களை அடிக்கடி நடத்துங்கள் என்பதே அதற்கு விடை. கூட்டத்தைக் குருடாக்குவது விடையாகாது.

சம்மதப் பத்திரத்தின் தமிழையும் பாருங்கள். 'பங்குபற்றுநர் எச்சந்தர்ப்பத்திலும் எவ்வித பாதகமுமின்றி விலகிக்கொள்ளும் உரித்துடையவராவார்.' இது மாவடிப்பள்ளியில் எந்த வாயிலிருந்தும் வரும் பேச்சன்று. 'உம்மா, விருப்பமில்லாட்டி சொல்லாம விடலாம், இடையில எழும்பியும் போகலாம், நாங்க கோவிக்க மாட்டம்' என்று சொல்ல என்ன தடை? கம்பஸிலிருந்து வந்த சேரிடம் மறுத்துப் பேசலாம் என்பதை நம் மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதைச் சொல்வதுதான் பத்திரத்தின் முதல் வேலை. வாப்பாவின் ஒப்பம் கிடைத்த பின்னரும் சிறுவனைத் தனியே கேட்கவேண்டும். அவன் தலையை ஆட்டி மறுத்தால் அங்கேயே கொப்பியை மூடவேண்டும்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையோர மக்களுக்கு வானத்திலிருந்து விழுந்ததன்று. யுத்தத்தினால் கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் படிப்பைத் தொடரமுடியாது தவித்த மாணவருக்காக இம்மக்கள் குரலெழுப்பியதால் 1995இல் கல்லூரியாகத் தோன்றி, 1996இல் பல்கலைக்கழகமாயிற்று. தமக்கெனக் கேட்டுப்பெற்ற பல்கலைக்கழகத்தில், இம்மக்கள் ஆய்வுப்பொருளாக மட்டும் நுழைவது எவ்விதத்தில் நியாயம்?

ஆதலின் இக்கரையிலும் நாடெங்கிலும் குழுக்களில் இருப்போரிடம் நாம் கோருவது பெரிதன்று. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் குழுத் தலைவர் அந்நிறுவனத்தைச் சாராதவராக இருக்கவேண்டும் என்கின்றன. அதை இங்கும் கேளுங்கள். உங்கள் சகபாடியின் விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே செல்லுங்கள். அனுமதி கொடுத்த ஆய்வு எப்படி நடக்கிறதென்று ஒருமுறையேனும் ஊருக்குப் போய்ப் பாருங்கள்; சம்மாந்துறை வீதியில் வாகனத்தில் கடந்துபோவது பார்த்ததாகாது. வெளியார் உறுப்பினர் என்ற பெயரில் இளைப்பாறிய அதிபரையும் சட்டத்தரணியையும் அமர்த்தி மனநிறைவடையாதீர்கள். ஆராயப்படுவோருள் ஒருவர், ஓர் உம்மா, ஒரு கரைவலைத் தொழிலாளி, அம்மேசையில் அமரவேண்டும். ஒருவராயின் பேச அஞ்சுவார், ஆகவே இருவர். சம்மதப் பத்திரம் அவர்கள்முன் உரத்து வாசிக்கப்படவேண்டும். விளங்கவில்லை என்று அவர்கள் சொன்னால் விண்ணப்பம் திரும்பவேண்டும்.

வேலைநாளில் அவர்களால் வரமுடியாதே என்பீர்கள். அஸருக்குப் பின் கூட்டத்தை வையுங்கள். பஸ் கட்டணமும் ஒருநாட் கூலியும் கொடுங்கள். அதற்கு நிதியில்லை என்று பேரவை மறுக்குமாயின், அம்மறுப்பைக் கூட்டக் குறிப்பில் எழுதும்படி கேட்டு, எழுதி முடியும்வரை எழுந்திராதீர்கள்.