ஜி.ரி.ஓ.: தடையை மீறிப் பிறந்த காரும் அதன் புகழும்

அமெரிக்கர்கள் "மசில் கார்" என அழைக்கும் வகைக்கு வித்திட்ட வாகனம் எது என்று கேட்டால், பெரும்பாலானோர் சொல்லும் பெயர் 1964 ஆம் ஆண்டின் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. என்பதாகும். வலுமிக்க கார்கள் அதற்கு முன்னரும் இருந்தன. ஆயினும் நடுத்தர அளவுள்ள காரில் பெரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றுப் பெருவெற்றி கண்டது இதுவே.

இக்கார் பிறந்த கதை சுவையானது. 1963 ஜனவரியில், தனது பிரிவுகள் அனைத்தும் மோட்டார் பந்தயங்களில் இருந்து விலக வேண்டும் என ஜெனரல் மோட்டர்ஸ் தலைமையகம் கட்டளையிட்டது. பந்தய வெற்றிகளைக் காட்டியே கார் விற்றுவந்த பொன்ரியாக் பிரிவுக்கு இது பேரிடியாக அமைந்தது. பந்தயத் திடலில் காட்ட முடியாத வலுவைத் தெருவில் காட்டுவது என்று அப்பிரிவின் தலைமைப் பொறியியலாளர் ஜோன் டிலோரியனும் அவரது சகாக்களான பில் கொலின்ஸ், ரஸ் கீ ஆகியோரும் முடிவுசெய்தனர்.

அதற்கும் ஒரு தடை இருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சின் பொருத்தப்படக் கூடாது என்பது நிறுவன விதி. இவர்கள் பொருத்த விரும்பியதோ 389 கன அங்குல எஞ்சின். புதிய மாதிரிக்குத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். மேலதிக உபகரணத் தொகுதிக்கு வேண்டியதில்லை. எனவே ரெம்பெஸ்ற் லெமான்ஸ் காருக்குச் சுமார் 296 டொலர் பெறுமதியான "மேலதிகத் தொகுதி"யாகவே ஜி.ரி.ஓ. சந்தைக்கு வந்தது. ஐயாயிரம் விற்றால் போதும் என்று எண்ணியவர்கள் முதலாண்டிலேயே 32,450 கார்களை விற்றனர். 1966 இல் அத்தொகை 96,946 ஆக உயர்ந்தது.

துணிச்சலான பொறியியலாளர்கள் அதிகாரிகளை ஏமாற்றிய இக்கதையை இரசிகர்கள் இன்றும் மகிழ்ந்து பேசுகின்றனர். நாமும் மகிழலாம். ஆனால் ஏமாற்றப்பட்டவர்கள் அதிகாரிகள் மட்டுமா என்பதே எமது கேள்வி.

1964 மார்ச் மாதத்தில் "கார் அன்ட் ட்ரைவர்" சஞ்சிகை, பொன்ரியாக் ஜி.ரி.ஓ.வை இத்தாலியின் பெராரி ஜி.ரி.ஓ.வுடன் ஒப்பிட்டு எழுதியது. அவ்வொப்பீட்டில் பெராரி ஓட்டிப் பார்க்கப்படவேயில்லை; அட்டையில் இரு கார்களும் ஓவியமாகவே இடம்பெற்றன. பரீட்சிக்கப்பட்ட பொன்ரியாக் 4.6 விநாடிகளில் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டியதாக வெளியான செய்தி அக்காரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது. அதனுள் இருந்தது 389 எஞ்சின் அல்ல, வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாத 421 எஞ்சின் என்பதைப் பொன்ரியாக்கின் விளம்பரப் பணியில் இருந்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்படுத்தினார்.

ஆக, சஞ்சிகையை நம்பிக் கடைக்குச் சென்ற இளைஞன் தான் வாசித்த காரை வாங்கவில்லை. அவனுக்குக் கிடைத்த காரும் வேகமானதே. ஆனால் அதன் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை டிரம் பிரேக்குகள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பெறும் வாய்ப்பு 1967 இல்தான் வந்தது. ஓடும் ஆற்றலைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தோர், நிற்கும் ஆற்றலையும் அதே அளவு எழுதியிருக்க வேண்டும். 1972 ஆம் ஆண்டில் அமெரிக்க வீதிகளில் உயிரிழந்தோர் 54,000 இற்கும் அதிகம் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். அத்தனைக்கும் இக்கார்களே காரணம் என்பது எமது வாதமன்று. வேகத்தை விற்ற காலத்தின் மறுபக்கம் அது.

அரசாங்கமே மசில் கார்களைக் கொன்றது என்பது இரசிகர்களின் நெடுநாள் முறைப்பாடு. எண்களோ வேறுவிதமாகப் பேசுகின்றன. ஜி.ரி.ஓ. விற்பனை 1970 இலேயே 40,149 ஆக வீழ்ந்துவிட்டது. தூய காற்றுச் சட்டம் கையொப்பமானது அவ்வாண்டின் இறுதி நாளில். எண்ணெய்த் தடை வந்தது 1973 இல். இவ்விரண்டுக்கும் முன்னரே போட்டிக் கார்கள் பெருகியிருந்தன. காப்புறுதி நிறுவனங்களும் இளம் சாரதிகளிடம் பெருந்தொகை கேட்கத் தொடங்கியிருந்தன. அவர்கள் கவிதை பார்க்கவில்லை, விபத்துக் கணக்கைப் பார்த்தார்கள். எஞ்சியதைச் சட்டமும் எண்ணெயும் முடித்துவைத்தன. 1974 உடன் பழைய ஜி.ரி.ஓ. நின்றது. 2004 முதல் 2006 வரை அவுஸ்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோவுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. 2010 இல் பொன்ரியாக் என்ற பெயரே மறைந்தது.

ஜி.ரி.ஓ. போற்றத்தக்க கார் என்பதில் எமக்கு ஐயமில்லை. அதன் நேர்த்தியான உடலமைப்பும் எஞ்சினின் உறுமலும் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் மனத்தைக் கவர்கின்றன. அப்படிப்பட்ட காருக்குப் பொய் தேவைப்பட்டிருக்கவில்லை என்பதே எமது ஆதங்கம். 389 எஞ்சினோடு கொடுத்து, கிடைத்த நேரத்தை அப்படியே அச்சிட்டிருந்தாலும் அது வென்றிருக்கும். பரீட்சைக்கென ஒரு பொருளைத் தருபவன் எதைத் தருகிறான் என்று திறந்து பார்ப்பது எழுதுபவனின் கடமை. கார்களைப் பற்றி எழுதுவோருக்கு மட்டும் உரிய பாடமன்று இது.