விலகிய பின்னும் விடாத விலங்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் நியமனக் கடிதத்தோடு ஒரு நிபந்தனையும் நீட்டப்படுவதுண்டு: விலகிய பின் குறித்த காலத்துக்குப் போட்டி நிறுவனம் எதிலும் சேரக்கூடாது.

வணிக இரகசியம் காக்கப்பட வேண்டியதே. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160 ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. வாடிக்கையாளர் பட்டியலைப் பிரதியெடுத்துப் போட்டியாளரிடம் கொடுப்பவர் மீது தாராளமாக வழக்குத் தொடரட்டும். ஆனால் பல வருடம் உழைத்துத் தேறிய கைத்திறன் எந்த முதலாளிக்கும் சொத்தல்ல.

இந்தியாவின் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், தன் 27 ஆம் பிரிவில், தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கைகளைச் செல்லாதவையாக்கியது. 1967 இல் கோலிகாரி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது ஒப்பந்த காலத்துக்குள்ளான தடையையே. எமது நாட்டில் அப்படியொரு பிரிவு இல்லை. தடை நியாயமானதா என்பதை வழக்குக்கு வழக்கு நீதிமன்றமே நிறுக்க வேண்டியிருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாத இளைஞரோ ஒரு கோரிக்கைக் கடிதத்துக்கே பணிந்துவிடுகிறார். எம்மை வருத்துவது இதுதான்.

ஜெர்மனியில் இத்தகைய தடை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. அக்காலத்துக்கு முன்னைய ஊதியத்தில் பாதியையாவது கொடுக்க நிறுவனம் பொறுப்பேற்கவும் வேண்டும். தொழில் அமைச்சு இதே வழியில் ஒரு சட்டமூலத்தைத் தயாரிக்க வேண்டும். குறைந்த சம்பளக்காரரை இத்தடையிலிருந்து முற்றாக விலக்கவும் வேண்டும்.