பல்லைப் பிடித்துப் பார்க்கும் உரிமை

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்னும் பழமொழி, பெறுபவருக்குப் பணிவைக் கற்பிப்பதுபோல் தோன்றினாலும், கொடுப்பவரின் வசதிக்காகவே காலங்காலமாக வழங்கிவந்திருக்கிறது. அரசு மருத்துவ உதவி பெறும் மாற்றுத்திறனாளிகளைப் பற்றி, படித்த நடுத்தர வகுப்பார் செறிந்து வாழும் சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் நிலவும் பொதுக்கருத்து இப்பழமொழியின் நேரடி வாரிசு: சிகிச்சை இலவசம், கருவி இலவசம், மாதந்தோறும் உதவித்தொகையும் வந்துசேர்கிறது, பிறகு சேப்பாக்கத்தில் எதற்கு மறியல், வள்ளுவர் கோட்டத்தில் எதற்கு ஆர்ப்பாட்டம் என்பதே அது. இக்கருத்தைக் கொண்டிருப்போர் கல்நெஞ்சர்கள் அல்லர். பலரும் அறுபத்து மூவர் விழாவில் அன்னதானப் பந்தல் போடுபவர்கள், பிறந்தநாளுக்கு மறுவாழ்வு இல்லங்களில் மதிய உணவுக்குப் பணம் கட்டுபவர்கள். இரக்கத்தையே ஆதாரமாகக் கொண்டிருப்பதால்தான் இக்கருத்தை எதிர்த்துப் பேசுவது கடினமாகிறது, எதிர்த்துப் பேசுபவர் நன்றிகெட்டவராகிவிடுகிறார்.

இந்த உதவிகள் எப்படி வந்தன என்பதைப் பார்த்தாலே இக்கருத்தின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டத்தை நாடாளுமன்றம் 1995 டிசம்பரில் நிறைவேற்றியதற்குப் பின்னால், உரிமைச் செயற்பாட்டாளர் ஜாவேத் அபிதி முதலியோர் டில்லித் தெருக்களில் நடத்திய போராட்டம் இருந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2007இல் இந்தியா ஏற்றுறுதி செய்தது. அதற்கேற்பப் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 7 வகைப் பாதிப்புகளை 21 ஆக விரித்ததோடு, மருத்துவத்தைப் பற்றித் தனிப்பிரிவே வகுத்தது. அதன் 25ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பத்தினருக்கு அருகிலேயே இலவச மருத்துவமும், அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகலும், சிகிச்சையில் முன்னுரிமையும் அளிக்க அரசு கடமைப்பட்டுள்ளது. கடமைப்பட்டவர் செய்வதைத் தானம் என்று அழைப்பது, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பவரை வள்ளல் என்று புகழ்வதற்கு ஒப்பாகும்.

அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு இன்னும் துல்லியமானது: சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரப்படும் தொகை, அதே போன்ற திட்டங்களில் பிறருக்குத் தரப்படுவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும். சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டு வருவாய்த் துறை வழங்கிய முதியோர் ஓய்வூதியமும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் ஒன்றுபோல 1,000 ரூபாயாகவே இருந்தன. 2023 ஜனவரியில் பின்னது 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது, பெருந்தன்மையென்று பாராட்டவும் பட்டது. அதே ஆண்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயாக உயர்ந்ததும் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. 1,200 ரூபாயோடு அதன் 25 விழுக்காட்டைச் சேர்த்தால் வருவது சரியாக 1,500, அதாவது சட்டம் வகுத்த அடிமட்டத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை. 2024இல் ஆந்திரப் பிரதேசம் இத்தொகையை 6,000 ரூபாயாக்கிய பிறகு, அதற்கு இணையாகத் தமிழ்நாட்டிலும் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் சங்கத்தினர் தெருவில் இறங்கினால் அதைப் பேராசை என்று சொல்வதற்கு முன், மேற்கண்ட கூட்டல் கணக்கையாவது போட்டுப் பார்க்கலாம்.

தானம் என்ற பார்வை மருத்துவத் தரத்தையே எப்படிக் கெடுக்கிறது என்பதைச் சக்கர நாற்காலியைக் கொண்டு விளக்கலாம். நலத்திட்ட உதவி வழங்கும் விழாக்களில் நாற்காலிகள் வரிசையாக அடுக்கப்படுகின்றன, பயனாளிகள் காலையிலேயே அழைத்துவரப்பட்டுச் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கிறார்கள், படம் எடுக்கப்படுகிறது, நாற்காலி வீட்டுக்குப் போகிறது. ஆனால் சக்கர நாற்காலி, மூக்குக்கண்ணாடியைப் போலவே, அளவெடுத்துத் தர வேண்டிய மருத்துவக் கருவியாகும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடலையும் வாழிடத்தையும் மதிப்பிடுதல், பொருத்திப் பார்த்தல், பயன்படுத்தப் பயிற்சியளித்தல், பின்தொடர்தல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே நாற்காலி வழங்கல் என்று விளக்குகிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியற்ற ஒருவர், அகலம் கூடிய, மெத்தையற்ற நாற்காலியில் நாள் முழுதும் அமர்ந்தால், உடலின் எடை ஒரே இடத்தில் அழுந்தி அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டு அழுத்தப்புண், அதாவது மக்கள் வழக்கில் படுக்கைப்புண் உண்டாகிறது. வலி தெரியாததால் புண் ஆழமாகும்வரை கவனத்துக்கு வருவதில்லை. சீழ் எலும்பை எட்டினால் உயிருக்கே ஆபத்தாகிறது. கொடுத்தவரின் கணக்கில் ஒரு நாற்காலி ஏறியிருக்கும், வாங்கியவரோ அந்த நாற்காலியால் வந்த புண்ணுக்காக இராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் படுத்திருப்பார். இங்கே அளவு சரியில்லை என்று பெறுபவர் குறை சொல்வது ஒரு மருத்துவத் தகவல்; அதை நன்றியின்மையாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு தன் தவறைத் திருத்திக்கொள்ளும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது.

தானத்திலிருந்து உரிமைக்கு நகரும் பார்வை மாற்றத்துக்குத் தென்சென்னையின் வரலாறே சான்றாக நிற்கிறது. துர்காபாய் தேஷ்முக் 1937இல் தொடங்கி வளர்த்த ஆந்திர மகிளா சபை முதலான தொண்டு அமைப்புகள், அரசு எட்டாத இடங்களில் சிகிச்சையையும் பயிற்சியையும் கொண்டுசேர்த்தன என்பதை எந்த விமர்சகரும் மறுக்க முடியாது. கோட்டூர்புரத்தில் இன்று வித்யாசாகர் என்று அறியப்படும் நிறுவனத்தைப் பூனம் நடராஜன் 1985இல் தொடங்கியபோது அதன் நோக்கம் மூளை முடக்குவாதம், அதாவது மூளை வளர்ச்சியின்போது ஏற்படும் பாதிப்பால் உடலசைவு கட்டுக்குள் வராத நிலை, உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சையும் கல்வியுமே. அந்நிறுவனமே பின்னாளில் மாற்றுத்திறன் சட்டங்களுக்கென்று தனிப்பிரிவு ஒன்றை அமைத்தது. குழந்தைக்கு எத்தனை சிறந்த இயன்முறைப் பயிற்சி அளித்தாலும், அக்குழந்தை வளர்ந்து ஏற வேண்டிய பேருந்தின் படி உயரமாகவே இருந்தால் பயிற்சி வீணாகிறது என்பதைத் தொண்டு செய்தவர்களே கண்டுகொண்டதன் விளைவு இது. சென்னைப் பேருந்துகளை அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்று உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீண்டகாலம் வழக்காடிய பிறகே, 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் சாலைக்கு வந்தன. போக்குவரத்து வழக்கென்று தோன்றும் இது மருத்துவ வழக்கும்கூட. கிண்டியில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில் எத்தனை நிபுணர்கள் இருந்தாலும், மந்தைவெளியிலிருந்து அங்கே போய்வர ஒவ்வொரு முறையும் வாடகைக்கார் பிடிக்க வேண்டியிருந்தால், சிகிச்சை இலவசம் என்பது பாதி உண்மைதான்.

இலவசம் என்ற சொல் மறைக்கும் செலவுகளைப் பற்றிப் பொருளியலில் தெளிவான கருத்தாக்கம் உண்டு. அமர்த்தியா சென், மாற்றுத்திறனாளி எதிர்கொள்ளும் பொருளாதார இழப்பை இரண்டாகப் பிரிக்கிறார்: ஒன்று, வேலை கிடைக்காமையாலும் குறைந்த கூலியாலும் வருமானம் ஈட்டுவதில் ஏற்படும் குறை, மற்றொன்று, ஈட்டிய அதே வருமானத்தைப் பிறரைப் போன்ற வாழ்க்கையாக மாற்றிக்கொள்வதில் ஏற்படும் குறை. வறுமையை அளப்பவர்கள் முதலாவதை மட்டும் பார்த்து இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்த்தப்பட்டபின்பும் மாதத்துக்கு 10,000 ரூபாய்தான் வருகிறது. இரங்கநாதன் தெருக் கடையொன்றில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போனாலே அந்த வரம்பு தாண்டிவிடும். அவர்களுடைய மகளுக்கு மூளை முடக்குவாதம் இருந்து, இயன்முறைப் பயிற்சிக்கும் கால்தாங்கிக்கும் ஆட்டோவுக்கும் சம்பளத்தில் கணிசமான பங்கு போனாலும், வருமானச் சான்றிதழில் அச்செலவைக் காட்ட இடமில்லை. மேலும், இத்தகைய காப்பீடுகள் பெரும்பாலும் அறுவை சிகிச்சையையும் உள்நோயாளியாகச் சேர்க்கப்படுவதையும் மையமாகக் கொண்டவை. மாற்றுத்திறனோடு வாழ்பவரின் செலவோ சிறுநீர்க் குழாய், மெத்தை, பயிற்சி, பராமரிப்பாளரின் உழைப்பு என்று நாள்தோறும் துளித்துளியாக ஒழுகுவது. காது கேளாத குழந்தைக்கு உட்செவிக் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை இலவசமாக நடக்கலாம். கேட்கவும் பேசவும் ஆண்டுக்கணக்கில் தர வேண்டிய பயிற்சியும், தேய்ந்துபோகும் வெளிக்கருவியும் மின்கலமும் விழா முடிந்தபின் தொடங்கும் கதை.

தமிழ்நாடு பிற மாநிலங்களைவிட முன்னேறியிருக்கிறதே என்ற பதில் உடனே வரும், அது பொய்யும் அல்ல. கலைஞர் கருணாநிதி நகரில், வழக்கில் கே.கே. நகரில், உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இங்கே உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறை மருத்துவரை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. எனினும் இப்பதிலின் தர்க்கம் வேடிக்கையானது. பக்கத்து மாநிலத்து மருத்துவமனையில் சாய்தளம் இல்லாதது, இங்குள்ள பரிசோதனைக் கட்டிலின் உயரத்தைக் குறைத்துவிடுவதில்லை. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டுக்குள் அணுகத்தக்கவையாக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின, கெடு 2022 ஜூனில் முடிந்தது. அவற்றுள் அணுகல் பற்றி வெறும் பரிந்துரைகளாகவே எழுதப்பட்டிருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அறிவிக்க வேண்டியிருந்தது என்பதே, முன்னேற்றம் என்பது எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளில் சிலர் பிறரைவிட 20 ஆண்டுகள்வரை முன்னதாக இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதற்கு உடற்பாதிப்பை மட்டும் காரணமாக்காமல் அணுக முடியாத மருத்துவமனைகளையும் ஊழியர்களின் மனப்பான்மையையும் அது காரணமாகச் சுட்டுகிறது.

பொதுப்பணத்தில் வாழ்பவர்கள் என்ற ஏளனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு-சேவை வரி, சக்கர நாற்காலிக்கே 5 விழுக்காடு வரி விதித்தது. நடப்பதற்கு வரி கட்டும் குடிமக்கள் இந்நாட்டில் இவர்கள் மட்டுமே.

எஞ்சியிருப்பது, குறை சொன்னால் கிடைப்பதும் நின்றுவிடும் என்னும் அச்சம். இதை மாற்றுத்திறனாளிகளின் குடும்பத்தாரே அடிக்கடி சொல்வதுண்டு, ஓ.பி. சீட்டு தருபவரைப் பகைத்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ளவர்களின் அச்சம் என்பதால் இதை ஏளனம் செய்யவும் கூடாது. ஆனால் சட்டம் குறை சொல்வதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரின் தேவைக்கேற்பச் செய்யத்தக்க மாற்றத்தை, அளவுமீறிய சுமை எதுவும் இல்லாதபோதும், செய்ய மறுப்பதும் பாகுபாடே என்று அது வரையறுக்கிறது. காது கேளாத கர்ப்பிணிக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால்தான் அந்த மறுப்பு பதிவாகும். அச்சட்டத்தின் 80ஆம் பிரிவு, உரிமை மறுக்கப்பட்டதை விசாரிக்கும் அதிகாரத்தை மாநில ஆணையருக்கு அளிக்கிறது. 81ஆம் பிரிவின்படி, அவருடைய பரிந்துரையைப் பெற்ற அலுவலகம் எடுத்த நடவடிக்கையை 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். ஆணையர் தாமாகவும் விசாரிக்கலாம் என்றாலும், ஒரு வார்டின் கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலியின் அகலத்துக்குப் போதவில்லை என்பதை, அந்தக் கதவின் முன் நின்றுபோனவர் எழுதித் தராமல், காமராசர் சாலையில் உள்ள ஆணையர் அலுவலகம் அறிந்துகொள்ள வேறு வழி இல்லை.