நிமிர்த்தலாம், நிமிர்த்தவே கூடாது

கோடை உழவுக்கு வண்டிகளைத் தயார் செய்கிற நேரம். எங்கள் ஊர்ப் பட்டறை வாசலில் ஒரு பழைய மாஸி 1035 நிற்கிறது. பின்னால் கலப்பையைத் தாங்கும் லோயர் லிங்க்குகளில் வலது பக்கத்தது வில்லாய் வளைந்திருக்கிறது.

வளைந்த காரணத்தைக் கேட்கவே வேண்டாம். வரப்போரம் வந்ததும் கலப்பையைத் தூக்காமல் வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள். ஹாரி பெர்குசன் வகுத்த மூன்று புள்ளி இணைப்பில் கீழே உள்ள இரண்டு கைகளும் கலப்பையை இழுக்கும்; மேலே உள்ள டாப் லிங்க் அழுத்தத்தைத் தாங்கும். நேராக இழுபடும்போது அந்தக் கைகளுக்கு அபார வலு. கலப்பையின் ஒன்பது கொழுவும் மண்ணுக்குள் இருக்க, பக்கவாட்டில் நெட்டினால் எந்த இரும்பும் தாங்காது.

இதற்குப் புதுசு வாங்கத் தேவையில்லை என்பதே என் கட்சி. லேசான வளைவென்றால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் சூடு காட்டாமலே எடுத்துவிடலாம். நேராகும் வரை அழுத்தினால் போதாது. எதிர்ப்பக்கம் சற்றுத் தாண்ட வேண்டும், விட்டதும் இரும்பு கொஞ்சம் திரும்பி வரும். பெரிய வளைவுக்குத்தான் கேஸ் சூடு. அதையும் வெயிலில் செய்யக் கூடாது, சூட்டின் நிறம் கண்ணுக்குத் தெரியாது. நிழலில் வைத்து, நல்ல சிவப்பு ஏறிய பிறகு சம்மட்டி போட வேண்டும். சிவப்பு மங்கியதும் கையை நிறுத்திவிட வேண்டும். நீலம் படரும் சூட்டில் அடித்தால் இரும்பு முறுக்கேறி விரிசல் விடும். முனையில் இருக்கும் பந்து மூட்டுக்குச் சூடு போகாமல் ஈரச் சாக்கைச் சுற்றுவார்கள். வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றாமல் சாம்பலில் புதைத்து ஆறவிடுவார்கள். பிறகு இடது கையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, துளைக்குத் துளை அளவு பார்ப்பார்கள். அளவு பிசகினால் கலப்பை கோணலாகத்தான் போகும். வளைந்த இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மட்டும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும்.

மட்கார்டு, பானெட்டையெல்லாம் எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டி எடுக்கலாம்.

ஸ்டியரிங் பக்கம் வந்தால் கதையே வேறு. அதே வண்டியின் டை ராடும் லேசாக வளைந்திருந்தது. உரிமையாளர் பட்டறைக்காரரிடம் கேட்டார்: "அண்ணே, இதையும் ஒரு தட்டு தட்டிவிடுங்களேன், இந்த சீசன் ஓட்டிக்கறேன்."

"மாட்டேன் தம்பி. புதுசு வாங்கிட்டு வா, மாட்டித் தர்றேன்."

வேலையை வேண்டாமென்று சொல்ல மனசு வராத தொழிலில் இந்தப் பதில் பெரிய விஷயம். டை ராட், ஸ்டியரிங் ஆர்ம், ஸ்பிண்டில் இவையெல்லாம் ஒருமுறை வளைந்தால் உள்ளே என்ன ஆகியிருக்கிறதென்று வெளியே தெரியாது. வார்ப்பிரும்பு உதிரியோ வளையவே வளையாது, உடைந்துவிடும். லோயர் லிங்க் வயலில் முறிந்தால் உழவு நிற்கும். டை ராட் தார்ச் சாலையில் முறிந்தால் முன்சக்கரம் ஒன்று இஷ்டத்துக்குத் திரும்பும். பின்னால் கரும்பு ஏற்றிய டிரைலர், அதன்மேல் ஆட்கள். காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. பட்டறைக்காரர் மறுத்தால் அடுத்த பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

லோயர் லிங்க்கைத் திரும்ப மாட்டும்போது செக் செயினையும் பார்க்கச் சொல்லுங்கள். அது தொளதொளவென்று கிடந்தால் கலப்பை பக்கவாட்டில் ஆடும், நிமிர்த்திய கை டயரில் போய் இடிக்கும்.