பணமே பிரதிவாதி!

வழக்குமன்றத்தில் கூண்டேறுவோர் மனிதர்கள் என்றுதானே நாம் எண்ணியிருக்கிறோம்? அமெரிக்க ஐக்கிய நாட்டில் பணமும் பிரதிவாதியாகிறது, மோட்டாரும் பிரதிவாதியாகிறது, குடியிருக்கும் வீடும் பிரதிவாதியாகிறது! ‘அமெரிக்க ஐக்கிய நாடு எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்’ என்பது, 2006ஆம் ஆண்டில் அந்நாட்டு மேல்முறையீட்டுக் கோர்ட்டு ஒன்று தீர்ப்பளித்த வழக்கின் பெயர்.

வேடிக்கை என்று சிரிக்க வேண்டாம். நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒருவர் ஓட்டிச் சென்ற காரைப் போலீஸார் நிறுத்திச் சோதித்தனர். போதைப்பொருள் அகப்படவில்லை, பணம் அகப்பட்டது. லாரி வாங்கக் கொண்டு சென்ற பணம் என்றார் அவர். கீழ்க்கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்கோர்ட்டோ, மோப்ப நாய் காட்டிய குறிப்பையும் பிற சூழ்நிலைகளையும் கொண்டு, பணம் சர்க்காருக்கே என்றது.

இதற்கு ‘சிவில் பறிமுதல்’ என்று பெயர். குற்றம் மனிதன்மீது அன்று, பொருளின்மீது என்பது இதன் தத்துவம். ஆகவே உடையவன் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை. 2000ஆம் ஆண்டின் சட்டம், நிரூபிக்கும் பொறுப்பை மத்திய சர்க்கார்மீது சுமத்தியது உண்மை. ஆயினும் தராசின் ஒரு தட்டு சற்றே தாழ்ந்தால் போதும்! ஏழைக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் கிடைப்பதும் அரிது. பறிபோன தொகையைவிட வக்கீல் கூலி மிகுமானால், எவன்தான் வழக்காடத் துணிவான்?

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. பறித்த பொருள் எங்கே போகிறது? 1984ஆம் ஆண்டின் சட்டம் அதற்கெனத் தனி நிதி ஒன்றை ஏற்படுத்தியது. மத்திய சர்க்காருடன் சேர்ந்து பறிமுதல் செய்யும் உள்ளூர்ப் போலீஸுக்கு, நூற்றுக்கு எண்பது வரை பங்கு கிடைக்கலாம். பறிப்பவனும் அவனே, பங்கு பெறுபவனும் அவனே என்றால், அங்கே நீதி எப்படி நிமிர்ந்து நிற்கும்? கோலேந்தியவன் குடிகளிடம் பொருள் கேட்பது, வேலேந்திய கள்வன் வழிப்பறி செய்வதற்கு ஒப்பாகும் என்று வள்ளுவர் கருதியது இதனாலன்றோ!

“போதைப்பொருள் வணிகரின் செல்வத்தைப் பறிக்காமல் அவர்களை ஒடுக்க முடியுமா?” என்று கேட்பார் உளர். பறிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? குற்றத்தை நிரூபித்துவிட்டுப் பறிக்கட்டும். பறித்ததைப் பொதுக் கருவூலத்தில் சேர்க்கட்டும். 2015இல் நியூ மெக்சிகோ மாநிலம் இவ்விரண்டையும் சட்டமாக்கிற்று. அங்கே முடிந்தது பிற இடங்களில் முடியாதா?

உச்ச நீதிமன்றத்தின் போக்கோ ஒருபடித்தாக இல்லை. கணவன் செய்த தவற்றுக்காக, ஒன்றுமறியாத மனைவிக்கும் பங்குள்ள காரைப் பறித்தது செல்லும் என்று 1996இல் கூறிற்று. அதிகபட்ச அபராதம் 10,000 டாலராக உள்ள குற்றத்துக்கு, ஏறத்தாழ 42,000 டாலர் பெறுமான வண்டி இண்டியானாவில் பறிக்கப்பட்டபோது, மிதமிஞ்சிய அபராதத்துக்கான தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2019இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால், பறித்த வண்டியை வழக்கு முடியும்வரை வைத்திருக்கலாமா என்பதற்குத் தனி முன்விசாரணை தேவையில்லை என்று 2024இல் கூறிவிட்டது.

எங்கோ நடப்பது நமக்கு எதற்கு என்று இருந்துவிடலாமா? 2024 ஜூலை முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, குற்றத்தால் ஈட்டிய சொத்தைக் கோர்ட்டு உத்தரவின்பேரில் பாதிக்கப்பட்டோருக்குப் பகிர்ந்தளிக்கச் சொல்கிறது, எஞ்சியது சர்க்காருக்கு. போலீஸுக்குப் பங்கில்லை. இது நன்று, மிக நன்று. எனினும், தண்டனைத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே! சட்டம் பயில்வோர் நம்மிடையே பலர் உண்டு. நாளை நீங்கள் வக்கீல்களாகலாம், நீதிபதிகளாகலாம், போலீஸ் அதிகாரிகளும் ஆகலாம். வேலி பயிரைக் காக்க வேண்டுமானால், பயிரில் வேலிக்குப் பங்கு இருத்தலாகாது. இதனை மறவாதீர்கள்.