சொட்டையும் மொட்டையும்: ஒரு செமஸ்டர் லீவுக்குள் முடியாத விஷயம்

நம்ம ஊரில் மொட்டை போட்டால் மரியாதை. "பழனியா, திருப்பதியா?" என்று கேட்பார்கள். அதே தலையில் முடி தானாகப் போனால் அதற்குப் பெயர் சொட்டை. அதற்கு மரியாதை கிடையாது, கிண்டல் மட்டும்தான்.

இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் என் ரூம்மேட் போன டிசம்பரில் தப்பிக்கப் பார்த்தான். செமஸ்டர் லீவு முடிந்து மொட்டைத் தலையோடு வந்தவன், "பழனி வேண்டுதல்" என்று விங் முழுக்கச் சொல்லிவிட்டான். பக்கத்து ரூம்காரன் "பஞ்சாமிர்தம் எங்கடா?" என்று கேட்டதும் திருதிருவென்று முழித்தான். அன்று ராத்திரி மூன்று தலையணையை அடுக்கி, அதில் சாய்ந்தபடியே தூங்க முயற்சி செய்தான். அப்போதுதான் விடாமல் கேட்டேன். லீவில் ஹேர் ட்ரான்ஸ்பிளான்ட் செய்திருந்தான். அன்று எட்டாவது நாள்.

அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இதைப் படிக்கும் உங்களில் சிலர், ராத்திரி ரூமில் லைட் அணைத்த பிறகு போனில் 'முன் - பின்' படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இது.

முதலில் ஒரு பழியை நீக்கிவிடலாம். முடி கொட்டினால் நாம் எல்லோரும் ஹாஸ்டல் போர் தண்ணியைத்தான் திட்டுவோம். உப்புத் தண்ணியில் முடி வறண்டு முரடாகலாம், உடையலாம். ஆனால் நெற்றியின் இரண்டு ஓரமும் பின்வாங்குவதும், உச்சி தெரிவதும் தண்ணியால் வருவதில்லை. ஹெல்மெட்டாலும் இல்லை. பரம்பரையும் டிஎச்டி என்ற ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை அது. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலிருந்தும் வரலாம். "எண்ணெய் வைக்காததாலதான் கொட்டுது" என்று அம்மா சொல்வது பாசம், காரணம் அல்ல.

இந்தச் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்? பின்னந்தலை முடி பொதுவாக இந்த ஹார்மோனுக்கு அசைவதில்லை. அங்கிருந்து ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும் ஊசித்துளை மாதிரியான கருவியால் வேரோடு எடுத்து, முன்னால் நடுகிறார்கள். அப்படி எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் கிராஃப்ட் என்று பெயர். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். இரண்டாயிரம் கிராஃப்ட் என்றால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் வேலை. மரத்துப்போக ஊசி போடுவதால் வலி பெரிதாகத் தெரியாது.

விளம்பரம் இந்த ஒரு நாளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. "காலையில் வாங்க, சாயங்காலம் போங்க." சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகு நடப்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

முதல் இரண்டு மூன்று நாள் பின்னந்தலையில் கொஞ்சம் ரத்தமும் நீரும் கசியும். தலையணை உறை கறையாகும். நட்ட இடத்தில் கை படக் கூடாது. அரித்தாலும் சொறியக் கூடாது. சொன்ன நேரத்துக்குச் சலைன் தெளிக்க வேண்டும். மல்லாந்து, தலையை உயர்த்தி வைத்துத்தான் தூக்கம்.

இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நெற்றி வீங்கலாம். வீக்கம் கண் வரைக்கும் இறங்கும். என் ரூம்மேட் மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்துப் பயந்துவிட்டான். தலையில் ஏற்றிய திரவம் கீழே இறங்குவதுதான் அது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்தவனுக்கு இது புரிய வேண்டும். ஆனால் சொந்த முகத்தில் வரும்போது யாருக்கும் புரியாது. சில நாளில் வடிந்துவிட்டது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது டாக்டர் சொன்ன நாளிலிருந்துதான். அதுவும் ஷவர் கிடையாது. மக்கில் மெதுவாக ஊற்ற வேண்டும், ஷாம்பு நுரையை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஹெல்மெட் போட முடியாது. ஆகவே பைக்கும் கிடையாது. ஜிம், கிரிக்கெட், நீச்சல் எல்லாம் சில வாரங்களுக்கு இல்லை. வெயில் படக் கூடாது. சிகரெட் பிடிப்பவர் என்றால் நிறுத்தியாக வேண்டும். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், புதிதாக நட்ட வேருக்கு அந்த ரத்தம்தான் சாப்பாடு.

ஒன்பதாம் நாள் கட்டிலுக்கு மேலே இருந்த புக் ஷெல்ஃபில் அவன் தலையை இடித்துக்கொண்டான். ஒரு பொருக்கு, முடியோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. "ஒரு கிராஃப்ட் போச்சுடா" என்று உட்கார்ந்துவிட்டான். கிளினிக்குக்கு போன் போட்டான், யாரும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ரத்தம் வந்துச்சா?" வரவில்லை. "அப்ப வேர் உள்ளதான் இருக்கு, வந்தது வெறும் முடி." முதல் சில நாளில் கிராஃப்ட் பிடுங்கிக்கொண்டு வந்தால் ரத்தம் வரும். பத்து நாள் வாக்கில் வேர் பிடித்துவிடும். பத்து, பதினான்கு நாளுக்குள் பொருக்குகள் உதிர்வது இயல்பு.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். மூன்றாவது வாரத்திலிருந்து, நட்ட முடியே கொட்ட ஆரம்பிக்கும். வேர் அதிர்ச்சியில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. பக்கத்தில் ஏற்கனவே இருந்த முடியும் கொஞ்சம் சேர்ந்து கொட்டலாம். இரண்டாம் மாதத்தில் பல பேருக்குத் தலை, சிகிச்சைக்கு முன்னால் இருந்ததை விட மோசமாக இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில்தான் மெல்லிய முடி எட்டிப் பார்க்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும்.

இவன் இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ பிப்ரவரி கடைசியில். அதற்கு அழகாக இருக்க வேண்டும் என்றுதான் டிசம்பரில் செய்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தலை மிக மோசமாக இருந்த அந்த மாதத்தில்தான் போய் உட்கார்ந்தான்.

வீக்கம், அரிப்பு, மரத்த உணர்வு, சின்னச் சின்ன பருக்கள் இவையெல்லாம் பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் நாளுக்கு நாள் கூடும் வலி, சீழ், காய்ச்சல், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, நட்ட இடத்தில் தோல் கறுத்துப்போவது, அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம் - இதில் எது வந்தாலும் யூடியூபில் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

இப்போது என் கருத்து. ஹேர் ட்ரான்ஸ்பிளான்ட் செய்வது தப்பே இல்லை. பல் கட்டுவது மாதிரி, கண்ணாடி போடுவது மாதிரி அதுவும் ஒன்று. ஆனால் இருபது, இருபத்தொரு வயதில், ஒரு செமஸ்டர் லீவை நம்பி, வீட்டுக்கும் நண்பர்களுக்கும் மறைத்துச் செய்வது தப்பு.

ஏன்? முதல் காரணம், பின்னந்தலையில் இருக்கும் இருப்பு அளவானது. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. நம் வயதில் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்றைக்கு முன் வரிசைக்கு எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால், முப்பத்தைந்தில் நடுவில் இருக்கும் சொந்த முடி போய், முன்னால் நட்டது மட்டும் தீவு மாதிரி நிற்கும். அதைத் தடுக்க மாத்திரையோ மருந்தோ தொடர வேண்டியிருக்கும். மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு இரண்டும் பல வருடமாகப் புழக்கத்தில் உள்ள மருந்துகள்தான். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலியல் ரீதியான பக்கவிளைவு தரலாம். டாக்டரிடம் வெட்கப்படாமல் பேசிவிட்டுத்தான் தொட வேண்டும். நம் வயதில் பலருக்கு முதலில் செய்ய வேண்டியது இந்தப் பேச்சுதான், அறுவை சிகிச்சை அல்ல.

இரண்டாவது, யார் செய்கிறார்கள் என்பது. 2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் அதற்குப் பிறகு இறந்துபோனார். மருத்துவம் படித்தவருக்கே அது நடந்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் தெளிவாகச் சொன்னது: முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி உள்ள பதிவு பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், யூடியூபிலோ வொர்க்ஷாப்பிலோ பார்த்ததெல்லாம் பயிற்சி ஆகாது. ஆகவே "கிராஃப்ட் எவ்வளவு?" என்று கேட்கும் முன் இவற்றைக் கேளுங்கள். டாக்டரின் பதிவு எண் என்ன? அவர் முழு நேரமும் அறையில் இருப்பாரா? அவசரம் என்றால் அங்கே என்ன வசதி இருக்கிறது? ஒன்பதாம் நாள் ராத்திரி போன் செய்தால் யார் எடுப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது காரணம் நாம்தான். ஃபர்ஸ்ட் இயரில் அவனுக்கு 'ரன்வே' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தது நான். மூன்று வருடம் அவனும் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் பார்த்தான். நல்ல ஜோக் என்று நினைத்திருந்தேன். ஸ்டைபண்டைச் சேர்த்து, அக்காவிடம் கடன் வாங்கி, மூன்றாம் நாள் வீங்கிய முகத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தவன் ஏன் எனக்கு ஒரு போன் கூடப் பண்ணவில்லை என்று கேட்டேன். "சொன்னா அதுக்கும் ஒரு பேர் வைப்பீங்க" என்றான்.

வைத்திருப்போம். அதுதான் உண்மை.

இப்போது ஆறாவது மாதம். முன்பக்கம் முடி வந்துகொண்டிருக்கிறது. அவன் சந்தோஷமாகத்தான் இருக்கிறான், நானும்தான். ஆனாலும் "ரெண்டு வருஷம் கழிச்சுப் பண்ணியிருக்கலாம்டா" என்று அவனே சொல்கிறான்.

யோசித்துக்கொண்டிருப்பவர்களே, ஒரு வருடம் ஒதுக்க முடியும்போது, ஒருவரிடமாவது சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மற்றவர்களே, அடுத்த முறை உங்கள் ரூமுக்கு யாராவது மொட்டையோடு வந்து மூன்று தலையணை கேட்டால், பஞ்சாமிர்தம் கேட்காதீர்கள். தலையணையைக் கொடுங்கள். கட்டிலுக்கு மேலே ஷெல்ஃப் இருந்தால் கழற்றி வையுங்கள்.